ஏரி அல்லிக்கு வீட்டில் ஒரு தொட்டி

கார்த்திகை, மார்கழி மாதங்களில் கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு வருபவர்கள், கன்னியக்கோயிலைத் தாண்டியதும் மேற்கே பாகூர்ப் பக்கம் சற்றுத் திரும்பினால், வாய்க்காலிலும் குட்டையிலும் ஏரியின் ஓரத்திலும் வெள்ளை அல்லி பூத்துக் கிடப்பதைக் காணலாம். காசு கொடுத்து வாங்க வேண்டாத பூ என்பதாலோ என்னவோ, வீட்டில் நீர்த்தோட்டம் அமைக்க நினைப்பவர்கள் இதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. நர்சரிக்குச் சென்று கலப்பின அல்லியைத்தான் வாங்கி வருகிறார்கள். அந்தப் பூக்கள் அழகில்லாதவை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த வட்டாரத்து மழைக்கும் வெயிலுக்கும் தலைமுறை தலைமுறையாகப் பழகிய செடி ஒன்று வாய்க்கால் ஓரத்திலேயே இருக்கும்போது அதற்கு ஒரு தொட்டி ஒதுக்குவதில் தவறில்லை. எங்கள் வீட்டுப் பின்கட்டில் சில ஆண்டுகளாக இந்த ஏரி அல்லியை வளர்த்து வருகிறேன். அதை ஆண்டு முழுவதும் ஒரே அளவு தண்ணீரில் வைத்துச் சீராட்டுவதைவிட, ஏரி நிறைவதையும் வற்றுவதையும் தொட்டிக்குள் கொண்டுவருவதே மேல் என்பதுதான் நான் முதன்மையாகத் தெரிந்துகொண்டது. மண், உரம், தண்ணீர், கோடைக் கவனிப்பு ஆகிய எல்லாவற்றையும் அதை வைத்தே முடிவு செய்கிறேன்.

முதலில் செடியை அடையாளம் காண வேண்டும். நம் நீர்நிலைகளில் பரவலாகக் காணப்படுபவை இரண்டு. ஒன்று, மாலையில் விரிந்து மறுநாள் காலை வெயில் ஏறும்போது கூம்பும் வெள்ளை அல்லி. தாவரவியலார் இதை நிம்ஃபேயா பூபெசென்ஸ் என்பர். மற்றொன்று, காலையில் விரிந்து பிற்பகலில் மூடிக்கொள்ளும் நீல அல்லியாகிய நிம்ஃபேயா நௌசாலி. இலங்கையின் தேசிய மலர் இதுவே. பூ இல்லாத காலத்தில் இலையைத் திருப்பிப் பார்த்தால் போதும். வெள்ளை அல்லியின் இலையடி மென்மயிர் படர்ந்து விரலுக்கு வெல்வெட்டுப் போலத் தட்டுப்படும், விளிம்பில் கூர்மையான பற்கள் இருக்கும். நீல அல்லியின் இலையடியில் மயிர் இராது. கடையில் வாங்குபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எங்கள் உறவினர் ஒருவர் நாட்டு நீல அல்லி என்று சொல்லி விற்கப்பட்ட செடியை வாங்கி வந்தார். சில வாரங்களில் அதன் முதிர்ந்த இலைகளின் நடுவே, காம்பு சேரும் இடத்தில், வேருடன் கூடிய குட்டிச் செடிகள் முளைக்கத் தொடங்கின. இப்படி இலையில் குட்டி போடுவது மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த ஓர் அல்லியின் வழியில் வந்த கலப்பினங்களின் குணம். நம் ஏரிகளில் உள்ள இவ்விரண்டும் அவ்வாறு செய்வதில்லை.

கிழங்கு எங்கே கிடைக்கும் என்பதே பலரும் என்னிடம் கேட்கும் கேள்வி. ஊசுடு ஏரியில் எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு நான் கண்டிப்பாகக் கூடாது என்றே சொல்வேன். அது 2008-இல் அறிவிக்கப்பட்ட சரணாலயம், அங்கிருந்து ஓர் இலையைக்கூடப் பிடுங்குவது முறையன்று. தேடிப் போகவும் தேவையில்லை. சொர்ணாவூர் அணைக்கட்டில் தென்பெண்ணையிலிருந்து பிரிந்து பாகூர் ஏரிக்கு நீர் கொண்டுவரும் பங்காரு வாய்க்காலைப் போலப் பெரியனவும், வயல்களுக்கு இடையே ஓடும் சின்னஞ்சிறு கிளைகளுமாக இப்பகுதியில் வாய்க்கால்களுக்குக் குறைவில்லை. (பங்காரி, சிங்காரி என்ற இரு சகோதரிகள் வெட்டுவித்த வாய்க்கால்கள் என்று ஊரில் வழங்கும் கதையை இங்குள்ளவர்கள் எல்லோரும் கேட்டிருப்பார்கள்.) கோடையில் வயல் வாய்க்காலையும் குட்டையையும் தூர்வாரும்போது வெட்டிக் கரையில் கொட்டும் வண்டலில் அல்லிக் கிழங்குகள் ஏராளமாகக் கிடக்கும், இரண்டு நாள் வெயிலில் அவை சுருங்கிப் போய்விடும். எனக்கு முதல் கிழங்குகள் அப்படித்தான் கிடைத்தன. வரப்பில் நின்று நான் பொறுக்குவதைப் பார்த்த நிலத்துக்காரப் பெரியவர், “அதை அவிச்சுத் தின்னத்தானம்மா எடுப்பாங்க, நீ நடவா எடுக்கற?” என்று கேட்டுவிட்டு, மண்வெட்டியால் இன்னொரு கட்டியைப் பிளந்து கொடுத்தார். எலுமிச்சையைவிடச் சற்றுச் சிறியதாக, கரிய தோலும் பழைய வேர்களின் தழும்புகளுமாக இருந்த அக்கிழங்கை நகத்தால் கீறினால் உள்ளே பால்வெள்ளையாக இருந்தது. அழுத்தினால் கல்லைப் போல் கெட்டியாக இருப்பவையும் வாளித் தண்ணீரில் போட்டால் அடியில் அமர்பவையும்தான் முளைக்கும். மிதப்பவற்றையும், அமுக்கினால் குழைந்து நாறுபவற்றையும் எறிந்துவிடலாம்.

தொட்டி ஆழமாக இருப்பதைவிட அகலமாக இருப்பது முக்கியம், ஏனெனில் அல்லி தன் இலைகளை நீர்ப்பரப்பில் வட்டமாகப் பரப்பும் செடி. மூன்றடி விட்டமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள சிமெண்ட் கிணற்று உறை ஒன்றை வாங்கி, தரையில் வைத்து, அடியைச் சிமெண்ட்டால் பூசிக்கொள்வதே இங்கு மலிவான வழி. வில்லியனூர்ச் சுடுமண் வேலைக்குப் பெயர் போன ஊராக இருப்பதால் மண்தொட்டி ஆசை வருவது இயல்பு. ஆனால் மெருகு பூசாத மண்தொட்டியின் உடலெங்கும் நீர் கசிந்து ஆவியாகிக்கொண்டே இருக்கும், வெளிப்புறத்தில் உப்புப் பூக்கும். அதை நீர்ப்பிரமிக்கோ வல்லாரைக்கோ வைத்துக்கொள்வது நல்லது. மொட்டைமாடியில் வைப்பவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்: ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. மேற்சொன்ன அளவுள்ள உறையில் முந்நூறு லிட்டர் பிடிக்கும். அடியில் உள்ள மண்ணும் சிமெண்ட்டும் சேர்ந்தால் எடை எங்கேயோ போய்விடும். பழைய வீடாக இருந்தால் தரையிலேயே வைப்பதுதான் உசிதம்.

புதிய சிமெண்ட் சுண்ணாம்பைக் கக்கும். அந்தத் தண்ணீரில் மீன் சாகும், இளவேர் கருகும். நீரை நிரப்பி நான்கைந்து நாள் வைத்துக் கொட்டுவதை இரண்டு மூன்று வாரங்களுக்குத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்; மீன் வளர்ப்பவர்கள் செய்வதுபோல் வாழை மட்டையைத் துண்டுபோட்டு ஊறவிட்டால் வேலை விரைவாக முடிகிறது. இதில் அவசரம் கூடாது.

மண் விஷயத்தில்தான் தோட்டக்காரர்களின் பழக்கம் குறுக்கே நிற்கிறது. மாடித்தோட்டத்துக்கு நாம் கலக்கும் தென்னைநார்க் கழிவு, மண்புழு உரம், செம்மண் ஆகிய மூன்றும் இங்கே உதவா. தென்னைநார் மிதந்து வெளியே வரும். மண்புழு உரம் தண்ணீரில் கரைந்து நீரைப் பச்சைக் குழம்பாக்கும். புதுச்சேரியின் வடமேற்கே கோரிமேட்டுப் பக்கம் கிடைக்கும் செம்மண் மணற்பாங்கானது, சத்தைப் பிடித்து வைக்காது. அல்லிக்கு வேண்டியது ஏரி வண்டல், கிடைக்காவிட்டால் நெல்வயலின் களிமண். அதைக் காயவைத்து உடைத்து, கல்லையும் வேரையும் பொறுக்கிவிட்டு, தொட்டியின் அடியில் ஆறு அங்குலம் பரப்ப வேண்டும். கீழ்மண்ணில் மட்டும் இரண்டு கைப்பிடி எலும்புத்தூளைக் கலந்து, மேலே வெறும் களிமண்ணையும் அதற்கு மேல் ஓர் அங்குலம் கழுவிய ஆற்று மணலையும் போட்டால், நீர் ஊற்றும்போது கலங்காது. வேப்பம் பிண்ணாக்கைச் சேர்க்கச் சிலர் சொல்வதுண்டு. நீருக்கடியில் அது அழுகி எழுப்பும் நாற்றத்தை அக்கம்பக்கத்தார் பொறுக்க மாட்டார்கள், மீனுக்கும் ஆகாது.

நடும்போது கிழங்கை மண்ணில் புதைத்து மூடிவிடக் கூடாது. முளை இருக்கும் முனை மேலே தெரியும்படி, கழுத்தளவு மட்டும் அமுக்கி, மேலே மூன்று நான்கு அங்குலம் நீர் நிற்கும்படி வைத்தால் போதும். ஏரியிலும் முதல் மழைக்கு நிற்பது முழங்காலளவுகூட இல்லாத நீர்தான். வெயில் சேற்றைத் தொட்டுச் சூடேற்றும்போதுதான் கிழங்கு விழிக்கிறது. முதலில் வருபவை நீருக்கு அடியிலேயே நிற்கும், அம்பு முனை வடிவிலான மெல்லிய இலைகள். அவற்றைப் பார்த்துச் செடி நோஞ்சானாக இருக்கிறதே என்று கலங்க வேண்டாம். மிதக்கும் இலைகள் மூன்று நான்கு வந்தபின் வாரம் ஓர் அங்குலமாக நீரைக் கூட்டி, முக்கால் அடி வரை கொண்டுபோகலாம். ஒரேயடியாக நிரப்பினால் இளங்காம்புகள் மேலே வந்து சேர்வதற்குள் கிழங்கில் உள்ள இருப்பு தீர்ந்துபோகும். நாளுக்கு ஐந்தாறு மணி நேர வெயில் கட்டாயம் வேண்டும். மா மரத்தடியில் வைத்துவிட்டுப் பூக்கவில்லை என்று குறைபட்டுப் பயனில்லை.

கடலோரத்தில் வசிப்பவர்களுக்குத் தண்ணீர்தான் பெரிய சோதனை. வீராம்பட்டினம், வைத்திக்குப்பம், குருசுக்குப்பம் போன்ற இடங்களில் போர்த் தண்ணீர் உவர்ப்பாக இருப்பதை அங்குள்ளவர்களிடம் யாரும் சொல்ல வேண்டியதில்லை. அல்லிக்கு உப்பு ஆகாது. இலை விளிம்பு பழுப்பேறிக் காகிதம் போல் காய்வது அதன் முதல் அறிகுறி. நாக்கில் வைத்தால் கரிக்கும் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாமல் இருப்பதே நல்லது. ஐப்பசி மழையில் கூரைத் தண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்து மூடி வைத்துக்கொண்டால் தை, மாசி வரை இட்டு நிரப்பலாம். குழாய்த் தண்ணீராக இருந்தால் குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்து ஊற்றலாம். வற்றிய அளவுக்கு மட்டும் ஊற்ற வேண்டும். அழுக்காகத் தெரிகிறதே என்று முழு நீரையும் மாற்றினால் மறுபடியும் முதலிலிருந்து பாசி பிடிக்கும். இலைகள் நீர்ப்பரப்பில் பாதிக்கு மேல் மூடியதும் வெயில் அடியில் இறங்காமல் பாசி தானாகவே அடங்கிவிடும்.

அடுத்து கொசு. டெங்கு காலத்தில் வீடு வீடாக வந்து தொட்டிகளைப் பார்க்கும் சுகாதாரப் பணியாளர் பெண் ஒருவர், எங்கள் தொட்டியைக் கண்டதும், “அக்கா, இதைக் கவுத்துடுங்க, ஒரே வாரத்துல கொசு கிளம்பிடும்” என்றார். அவர் சொன்னது சரிதான். வெயில் காலத்தில் முட்டையிலிருந்து கொசுவாக ஏழெட்டு நாள் போதும். “மீன் இருக்கும்மா, டார்ச் அடிச்சுப் பாருங்க” என்றேன். அவர் இலையை ஒதுக்கி, விளக்கடித்து, சற்று நேரம் குனிந்து பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த பூந்தொட்டித் தட்டில் தேங்கிய நீரைக் கொட்டச் சொல்லிப் போனார். புழு அங்கேதான் இருந்தது. தொட்டியில் விட கப்பி மீனைத்தான் எல்லோரும் பரிந்துரைக்கிறார்கள். அது தென் அமெரிக்காவிலிருந்து வந்த மீன். மழையில் தொட்டி வழிந்தால் வாய்க்காலுக்குப் போய்ப் பெருகும். நம் வயல் வாய்க்காலிலேயே தலை உச்சியில் வெள்ளிப் பொட்டுடன் மேல்நீரில் நீந்தும் முண்டக்கண்ணி இருக்கிறது. கொசுப்புழுவைத் தின்பதில் அது சற்றும் சளைத்ததன்று. கூர்வால் கொண்ட சிறிய பழுப்பு மீன் ஒன்றும் உண்டு. அரியாங்குப்பம் ஆற்றில் கிடைத்த மீனைக் கொண்டே 1831-இல் பிரெஞ்சு அறிஞர் குவியே அந்த இனத்தை விவரித்தார். அது மேலே வந்து காற்றையும் சுவாசிக்கக்கூடியது என்பதால் மோட்டாரோ காற்றுக் குழாயோ இல்லாத தொட்டிக்கு மிகவும் ஏற்றது. ஆண்மீன் அல்லி இலையின் அடியில் நுரைக்கூடு கட்டி முட்டையைக் காவல் காப்பதைக் கண்ணாடித் தொட்டி இல்லாமலேயே பார்க்கலாம்.

பூவைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், அலுவலகம் போய்வருபவர்களுக்கு நீல அல்லியைவிட வெள்ளை அல்லியே பொருத்தம். வீடு திரும்பும் நேரத்தில் விரியும். ஒரு பூ மூன்று நான்கு இரவுகள் தொடர்ந்து விரிந்து மூடும். முதல் இரவில் நடுவிலுள்ள சூலகக் கிண்ணத்தில் தெளிந்த நீர் தேங்கி நிற்கும், மகரந்தம் உதிராது. அடுத்த நாட்களில் அந்த நீர் வற்றி, மகரந்தப் பைகள் வெடிக்கும். காலை ஏழு மணி வாக்கில், பூ கூம்புவதற்கு முன், தேனீக்கள் வந்து போகும். முடிந்த பூவைக் கிள்ளி எறியாமல் விட்டால், காம்பு வளைந்து அதை நீருக்குள் இழுத்துக்கொள்ளும். அங்கேயே காய் பருத்து வெடித்து, வழுவழுப்பான உறை சூழ்ந்த கடுகினும் சிறிய விதைகள் ஒரு நாள் மிதந்துவிட்டு அடியில் இறங்கும். விதையிலிருந்து வளர்க்க விரும்புபவர்கள் காயை மெல்லிய துணிப்பையால் கட்டிவைத்துப் பிடிக்க வேண்டும். விதையை உலரவிடாமல் நீரிலேயே வைக்க வேண்டும். பூவைப் பறித்தால் பிள்ளைகளுக்கு ஒரு பயனுண்டு: நீண்ட காம்பை இடப்பக்கமும் வலப்பக்கமும் மாற்றி மாற்றி ஒடித்து, தோல் அறுபடாமல் உரித்தால், பூவே பதக்கமாகத் தொங்கும் மாலை ஆகிவிடும்.

பூச்சித் தொல்லை அதிகமில்லை. அசுவினி கூட்டமாக மொட்டிலும் இலையிலும் ஒட்டியிருந்தால், இலையைச் சில நிமிடம் நீருக்குள் அமுக்கிப் பிடித்து அசைத்தால் உதிர்ந்து மீனுக்கு இரையாகும். இலையில் கத்தரித்ததுபோல் நீள்வட்டத் துண்டு காணாமல் போயிருந்தால், நெல்லில் கூண்டுப்புழு என்று விவசாயிகள் சொல்வதன் உறவினப் புழு வந்துவிட்டதென்று பொருள். வெட்டிய துண்டுக்குள் தன்னைச் சுருட்டிக்கொண்டு அது மிதந்துகொண்டிருக்கும், பொறுக்கி எடுத்துவிடலாம். எந்த மருந்தும் தெளிக்க வேண்டாம். வேப்பெண்ணெய்கூட நீர்மேல் படலமாகப் படிந்து மீனைத் திணறடிக்கும். மஞ்சளான இலையை மேலே கிள்ளாமல், காம்பைப் பிடித்துக் கை போகும் வரை கீழே போய் அடியில் ஒடித்தெடுத்தால் தொட்டி அழுகாது. பூக்கும் காலத்தில் மாதம் ஒருமுறை, ஒரு தேக்கரண்டி எலும்புத்தூளைக் களிமண் உருண்டைக்குள் வைத்துக் காயவிட்டு, கிழங்கிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சேற்றில் அழுத்திவிடுவேன். யூரியாவை நீரில் தூவச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்டால் பாசிதான் வளரும்.

மழைக்காலத்துக்கு ஒரே ஓர் ஏற்பாடு வேண்டும்: விளிம்புக்கு இரண்டு அங்குலம் கீழே ஒரு வடிதுளை, அதில் கொசுவலைத் துண்டு. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. தெருவெல்லாம் நீர் நின்ற அந்த நாளில் வலை கட்டிய துளை வழியே உபரி நீர் போய்க்கொண்டே இருந்தது. மீன்களும் செடியும் இருந்த இடத்தில் இருந்தன. இலைகள் கிழிந்தன, அவ்வளவுதான். காம்பு நீளக்கூடிய செடி என்பதால் நீர்மட்டம் ஏறுவதை அல்லி பொருட்படுத்துவதில்லை. அதே புயலுக்குப் பின், எங்கிருந்தோ அடித்து வந்த ஆகாயத்தாமரைக் கொத்து ஒன்று வாசலில் கிடந்தது. நீலப்பூ அழகாக இருக்கிறதென்று அதைத் தொட்டியில் விடுபவர்கள் உண்டு. சில வாரங்களில் அல்லிக்கு மூச்சுவிட இடம் இராது. அள்ளி வெளியே எறிந்தால் அருகிலுள்ள குளத்துக்கும் கேடு.

பங்குனிக்குப் பிறகு நான் இட்டு நிரப்புவதை நிறுத்திவிடுவேன். நண்பர்கள் சிலர் கத்திரி வெயிலிலும் நாள்தோறும் நீர் ஊற்றிச் செடியைப் பசுமையாகவே வைத்திருக்கிறார்கள். நல்ல தண்ணீர் தாராளமாக உள்ளவர்களுக்கு அது இயலும். எங்கள் தெருவில் கோடையில் கிடைப்பது உப்புச் சாயலுள்ள சப்புத் தண்ணீர். தினமும் ஆவியாகி ஊற்ற, ஊற்றி ஆவியாக, உப்பு மட்டும் தொட்டியில் தங்கிக் கூடிக்கொண்டே போகும். மேலும் நீர் குறையும்போதுதான் செடி அடியில் புதுக் கிழங்கு கட்டுகிறது. ஏரி வற்றுவதை எதிர்பார்த்து வாழும் செடியின் இயல்பு அது. மீன்களை முன்பே வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டு, நீரை வற்றவிட்டு, இலைகள் சிறுத்து உதிர்ந்ததும் தொட்டியின் மேல் தென்னங்கீற்றைப் போட்டு மூடி, சேறு பிசைந்த மாவுப் பதத்தில் இருக்கும்படி வாரம் ஒரு செம்பு தண்ணீர் தெளித்தால் போதும். வெடித்துப் பாளமாகும் வரை விட்டால் சிறிய கிழங்குகள் பிழைப்பதில்லை. ஏரியில் பல அடி ஆழத்துச் சேறு அடியில் ஈரத்தைக் காக்கும். ஆறங்குலத் தொட்டி மண்ணுக்கு அந்த வசதி இல்லை.

ஆவணியில் இரண்டு மூன்று நல்ல இடிமழை பெய்ததும் கீற்றை எடுத்துவிட்டு, முதலில் தேங்கும் நீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும். கோடையில் சேர்ந்த உப்பு அதோடு போய்விடும். இரண்டாவது முறை தேங்குவதை மூன்று அங்குலத்தில் நிறுத்தினால் பத்துப் பதினைந்து நாளில் அம்பு இலைகள் தலைகாட்டும். கீற்றை எடுக்கும் அந்த நாளில்தான் சேற்றைத் துழாவிப் புதுக் கிழங்குகளைப் பிரிக்கிறேன். பெரியவை இரண்டைத் தொட்டியிலேயே விட்டு, மற்றவற்றை ஈர மணலில் வைத்துக் கேட்பவர்களுக்குக் கொடுக்கிறேன். வெளியூர் போவதானால் ஈரக் கோணித் துண்டில் சுற்றித் துளையிட்ட பிளாஸ்டிக் பையில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். வாங்கிச் செல்பவர்கள் உறையைப் பதப்படுத்தும் வேலையை ஆடியிலேயே முடித்துவிட்டு வருவது நல்லது, கிழங்கு காத்திருக்காது.